சிகுசாவின் படத்துக்குக் கறுப்புக் கரை

உவோசுமி தமாகி எங்கள் பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாள்களில் எங்கள் நாகானோ நகரின் வேறு இரண்டு தொடக்கப் பள்ளிகளுக்குப் போவார். மூன்றிலும் ஆங்கில வகுப்புக்கான சுவர்ப் பலகைகளைச் செய்வது அவர் வேலை. வானிலை, மாதங்கள், பழங்கள், கோபம், பசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. அவர் காரின் பின் இருக்கையில் மனிதர் உட்கார முடியாது. அத்தனை அட்டைச் சுருள்கள்.

அதற்கு முன் பதினொரு வருடம் சூப்பர் மார்க்கெட்டில் விலை அட்டை எழுதியவர். "முள்ளங்கிய விக்கத் தெரிஞ்சவளுக்கு இங்கிலீஷ விக்கத் தெரியாதா?" என்று பீற்றிக்கொள்வார். பீற்றல்தான், ஆனால் பொய் இல்லை. அவர் பலகை முன்னால் குழந்தைகள் நின்று படிப்பார்கள். நான் இந்தப் பள்ளியின் நர்ஸ். எனக்குப் பொறுமை குறைவு, அவருக்கு அதைவிடக் குறைவு. அதனாலேயே ஒத்துப்போனோம்.

அந்த நவம்பரில் ஆறாம் வகுப்புக்கு, பெரியவர்களானதும் என்ன ஆகப்போகிறோம் என்று ஒரு பலகை. மஞ்சள் பின்னணியில் முப்பத்தோரு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயரும் ஒரு ஆங்கில வரியும். குழந்தைகள் குதித்தும் பல்லிளித்தும் நின்ற படங்களைத் தமாகி உருவத்தை ஒட்டிக் கத்தரித்திருந்தார். கொமாகி சிகுசாவின் படம் மட்டும் சதுரம். ரத்தப் புற்றுநோய்க்காக அவள் கோடையிலிருந்து மருத்துவமனையில் இருந்தாள். அவள் அம்மா அனுப்பியது மார்பளவுப் படம். சீருடை, வாரிய தலை, நேர்ப் பார்வை. அதன் கீழே, 'ரயில் ஓட்டப்போகிறேன்' என்று ஆங்கிலத்தில்.

பெற்றோர் வகுப்பைப் பார்க்க வரும் சனிக்கிழமை காலை, வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியர் மாட்டிவைத்த பலகையைத் தமாகியும் நானும் முதன்முதலாகச் சுவரில் பார்த்தோம்.

"தமாகி, சிகுசா படத்தப் பாரு."

"நல்லாத்தான இருக்கு? சின்னப் படம், கூட்டத்துல காணாமப் போயிடுமேன்னு தடியா கறுப்புக் கரை குடுத்தேன். கடையில அப்படித்தான் செய்வோம், கண்ணு உடனே..."

அவர் நிறுத்திவிட்டார். எங்கள் ஊரில் செத்தவர் படத்துக்குத்தான் கறுப்புக் கரை. மேசைமேல் கிடந்தவரை அது விலை அட்டையாக இருந்திருக்கிறது. சுவரில் ஏறியதும் சாவு வீட்டுப் படமாகிவிட்டது.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்."

"பொலம்பாத. அவ அம்மா இன்னிக்கி வர்றாங்க. இந்தப் பலகைய ஃபோட்டோ எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமாம்."

"எப்ப?"

"ஒன்பதரைக்குத்தான். இருபது நிமிஷம் இருக்கு."

தமாகி பின்களை நெம்பினார். அவசரத்தில் படத்தோடு மஞ்சள் தாளும் கிழிந்து வந்தது. கறுப்பின்மேல் கலர் டேப் ஒட்டிவிடலாம். ஆனால் டேப் காரில் இருந்தது. எடுத்துவர அவர் திரும்பியபோது, பள்ளிக்குள் வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் வீட்டுச் செருப்பின் சத்தம் மாடிப்படியில் கேட்டது. ஒரே ஒரு ஜோடி.

சிகுசாவின் அம்மா சீக்கிரமே வந்துவிட்டார். நான் பலகையை மறைத்துக்கொண்டு நின்றேன். மறைக்கும் அளவுக்கு எனக்கு உடம்பு இல்லை. அவர் கண்கள் வரிசையாகப் போய், கிழிந்த இடத்தில் நின்றன. கீழே மகளின் பெயர் இருந்தது.

"எம் பொண்ணு எங்க?"

"கீழ விழுந்துடுச்சுன்னு சொல்லு" என்று தமாகியின் காதில் முணுமுணுத்தேன். வெட்கக்கேடுதான். பயத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

தமாகி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த படத்தை முன்னால் நீட்டி, இடுப்பு வரை குனிந்தார். "கறுப்புக் கரை வெச்சுட்டேன்மா. யோசிக்கவே இல்ல. இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு, எடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

அந்த அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அறைந்திருந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்க தப்பு இல்ல டீச்சர்" என்றார் கடைசியில். "மொட்டத் தலையோட இருக்கிற படத்தத்தான் அவ அனுப்பச் சொன்னா. சண்டையே போட்டா. நான்தான் கேக்காம இத அனுப்பினேன். அட்மிட் ஆறதுக்கு முந்தின நாள் ஸ்டுடியோவுல எடுத்தது. எதுக்கு எடுத்து வெச்சேன்னு அவளுக்குத் தெரியாது. அவ அப்பாவுக்கும் தெரியாது."

அது கறுப்புக் கரைக்கென்றே எடுத்து வைத்த படம் என்று எங்களுக்குப் புரிந்தது. தமாகி நிமிரவே இல்லை.

அந்த அம்மா கைபேசியை எடுத்துக் காட்டினார். மொட்டைத் தலை, காதுவரை இறங்கிய ரயில்காரத் தொப்பி, நீட்டிய நாக்கு. "இதத்தான் போடச் சொன்னா. இனிமே போட முடியுமா?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று தமாகி ஓடினார். ஆசிரியர் அறையில் அச்சடித்து, நாக்கின் வளைவுகூடப் பிசகாமல் கத்தரித்து, கிழிந்த இடத்தை மறைத்து ஒட்டினார். அந்த அம்மா ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். அதற்குள் கீழே மற்ற பெற்றோரின் பேச்சு கேட்கத் தொடங்கியிருந்தது.

"அந்தப் பழைய படத்தக் குடுங்க. கறுப்ப மட்டும் வெட்டிருங்க."

தமாகி நான்கு பக்கமும் நறுக்கினார். கறுப்புத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் குப்பைக் கூடையில் விழுந்தன. மிஞ்சியதை அந்த அம்மா கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பீரோவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். இனிமே ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டப்போறேன்" என்றார். "வீட்டுக்கு வந்து பாத்து, அசிங்கமா இருக்குன்னு அவளே கிழிச்சுப் போடட்டும்."