வெளியே போகாத அறுபத்தொரு பெயர்கள்

“எங்கிட்டுப் போயி நிக்கிறீங்க? செத்த சொல்லிட்டுத்தான் போங்களேன்” என்று ஆண்டியப்பன் கணினியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் மனிதர்களை ஒருமையில் பேசிவிடுவார். தான் எழுதிய ஜாவா புரோகிராமை மட்டும் ஒருநாளும் ‘வா, போ’ என்றதில்லை. மரியாதை குறைந்தால் அது முறுக்கிக்கொள்ளும் என்று நாற்பத்தாறு வயதிலும் உள்ளூர நம்புகிறார்.

கறம்பக்குடியில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தில் கணினிப் பொறுப்பு முழுக்க அவருடையது. உறுப்பினர்களின் சம்பா வயல் விவரங்களைப் பயிர்க் காப்பீட்டுக்கு அனுப்புவது அந்தப் புரோகிராமின் வேலை. இன்று சாயங்காலம் ஐந்து மணியோடு பதிவு முடிகிறது. அறுபத்தொரு பேரில் ஒருவருடைய விவரம்கூடப் போகவில்லை.

முந்தாநாள் அலுவலகத்தில் புதிதாக ஒரு பிராக்ஸி வைத்தார்கள். வெளியே போகிற எதுவும் இனி அதன் வழியாகத்தான் போகவேண்டும். பிரவுசருக்கு வழி காட்டியாயிற்று. காப்பீட்டுத் தளம் பளிச்சென்று திறக்கிறது. புரோகிராமோ தனக்கென்று ஒரு செட்டிங்ஸ் ஃபைலைப் படித்து நடப்பது. அதிலும் பிராக்ஸியின் முகவரியை எழுதி ஓட்டினார். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’, அதாவது காத்திருந்தும் பதில் வரவில்லை, என்றது. போர்ட் எண்ணை மாற்றினார். பாஸ்வேர்டு சேர்த்தார், எடுத்தார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்வார். காலண்டர் தாளின் பின்புறம் குறித்துக்கொள்வார். பதினேழு வரி ஆகியும் பதில் அதேதான். பிரவுசருக்குத் திறக்கிற கதவு இதற்கு ஏன் திறக்கவில்லை? மனுஷனுக்குத் தலை கிறுகிறுத்தது.

உறுப்பினர்களில் ஒருவரான செங்கமலம் மத்தியானமே வந்து எதிரில் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் ஆண்டியப்பன் அனுப்பிய பட்டியலில் அந்த அம்மாள் பெயர் மட்டும் விட்டுப்போயிற்று. கார்த்திகை மழையில் அவருடைய வயல்தான் முதலில் மூழ்கியது. ஆண்டியப்பனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை.

“தம்பி, இந்த வாட்டி போயிருமா?”

“போயிரும்க்கா” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

நாலு மணிக்கு, எரிச்சலில் பிராக்ஸி முகவரியை அழித்துவிட்டு வெறும் ஒன்பதுகளாகத் தட்டினார். அப்படி ஒரு முகவரி உலகத்திலேயே கிடையாது என்று புரோகிராம் உடனே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அதே ஒரு நிமிடம், அதே டைம்டு அவுட்.

“என்னங்க இது, நான் எழுதுறதப் படிக்கவே மாட்டேங்கிறீங்களா?”

படிக்கவில்லைதான். ஓடுவது எந்த ஃபோல்டரிலிருந்து என்று தேடிப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஆயுத பூஜையன்று கருவிகளுக்கு ஓய்வு. கடப்பாரைக்கு உள்ளது புரோகிராமுக்கும் உண்டு என்பது ஆண்டியப்பனின் கட்சி. வேலையும் நிற்கக்கூடாதே என்று ஒரு காப்பி எடுத்து, ‘பூஜை’ என்ற ஃபோல்டரில் போட்டு, அதை ஓடவிட்டார். மறுநாள் திருப்பி மாற்ற மறந்துபோனார். ஒரு மாதமாக ஓடுவது காப்பி. காலையிலிருந்து அவர் மாரடித்தது, இன்னும் ஓய்விலிருக்கும் அசலின் செட்டிங்ஸ் ஃபைலோடு.

காப்பியின் ஃபைலில் சரியான முகவரியை எழுதி ஓட்டியபோது நாலே முக்கால். திரையில் முதல் பதிவு எண் வந்தது. பக்கத்தில் செங்கமலம் என்றிருந்தது. இந்த வருஷம் அந்தப் பெயரைப் பட்டியலின் தலையில் வைத்ததை ஆண்டியப்பன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“எம்பேருதானா தம்பி?”

ஆண்டியப்பன் எழுந்து தன் நாற்காலியை அந்த அம்மாள் பக்கம் நகர்த்தி, “இதுல ஒக்காந்து பாருங்கக்கா” என்றார். மீதி அறுபது பெயரும் போய்ச் சேரும்வரை நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றார்.