அக்கா சொன்னதும் நான் எழுதியதும்

நாடகம் எழுதுவேன், நடிப்பேன். வயிற்றுப்பாட்டுக்கு டிவி சீரியலுக்கு வசனமும் எழுதுகிறேன். தினமும் நாலு சீன் அனுப்பியாக வேண்டும். எழுதி எழுதிச் சொந்தமாக ஒரு வார்த்தைகூட மிச்சமில்லாத நாட்கள் உண்டு.

அப்படி ஒரு நாளில் நன்னிலத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். துபாயில் இருக்கும் அத்தான் போன் செய்வதையே நிறுத்திவிட்டாராம். அரிசி புடைத்தபடியே சொன்னாள்.

"நடவுக்கு ஆள் வந்தாச்சான்னு கேக்கவாவது கூப்பிடலாம்ல? வயலையும் மறந்துட்டாரு போல."

அடுத்த வாரமே அது சீரியலில் வந்தது. கதாநாயகி அதே வார்த்தைகளைச் சொல்லி அழுதாள். அவளுடைய அண்ணனாக நடித்த நான், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதேன்.

திட்டு விழும் என்ற பயத்தோடுதான் மறுபடி போனேன். அக்கா காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பாத்தேன்டா. நல்லா நடிச்சிருந்தே."

"கோவமாக்கா?"

"கோவமெல்லாம் இல்ல. டிவில கையப் புடிச்சுக்கிட்டு அழுவுறே. அன்னைக்கு நான் சொல்றப்போ போனை விட்டுத் தலையே நிமிரலையே நீ."

யாருக்கோ மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருக்கிறாள். அவள் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை விடாமல் டைப் செய்துகொண்டிருந்தேன்.

இன்றுவரை அதை அவளிடம் சொல்லத் தெம்பில்லை.