எங்கள் வீட்டு லைன்ஸ்மேன்

என் கணவரைப் பார்த்து நாற்பதாயிரம் பேர் ஒரே குரலில் "கண்ணாடி போடுடா!" என்று கத்துவார்கள். வாரத்தின் மற்ற நாட்களில் அவர் கண்ணாடிக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது. கண் பரிசோதித்து, சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லி, மூக்கின் மேல் பிரேமை நிமிர்த்தி வைத்து அனுப்புகிற வேலை. சனிக்கிழமை பிற்பகல் மட்டும் கையில் கொடியோடு நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீகில் கோட்டோரமாக ஓடுவார். லைன்ஸ்மேன். 'துணை நடுவர்' என்று சொல்ல வேண்டுமாம். வீட்டில் எனக்கு அவ்வளவு மரியாதையெல்லாம் வருவதில்லை.

கோபம் என்பதே அறியாத மனிதர். அவர் பங்கையும் சேர்த்து நான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் பிரேக்கின் மேல் கால் வைத்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்திருப்பவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அவர் வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பந்து ஒருவன் காலிலிருந்து புறப்படும் அந்தக் கணத்தில், அதை வாங்கப்போகிறவனைவிடக் கோலுக்கு அருகில், கோல்கீப்பரைத் தவிர இன்னொரு தடுப்பாட்டக்காரனாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆஃப்சைடு, கொடி ஏறும். கண் தடுப்பாட்டக்காரர்களின் வரிசையில் இருக்க வேண்டும், பந்தை உதைக்கும் சத்தத்தைக் காது பிடிக்க வேண்டும். இதற்காக எங்கள் வீட்டு நடையில், கூடத்திலிருந்து சமையலறை வரை, தினமும் காலையில் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடிப் பழகுவார். கீழ்வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை வந்து சண்டை போட்டுவிட்டுப் போவார்.

என் தம்பி அதே லீகில் ஒரு கிளப்பின் இடது ஓரத் தடுப்பாட்டக்காரன். எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் நத்தை. காலில் வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் மற்ற மூன்று பேரும் ஒரே வரிசையாக முன்னேறும்போது இவன் மட்டும் இரண்டு எட்டு பின்தங்கி நிற்பான். அப்படி ஒருத்தன் பின்னால் நின்றுவிட்டால் எதிரணியில் யாரும் ஆஃப்சைடு ஆக மாட்டார்கள். பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்துவார்.

"உன்னை மாதிரி ஒருத்தன் இருந்தா போதும் மச்சான். நான் கொடிய மடிச்சு பையில வெச்சுட்டு வேடிக்க பாக்கலாம்" என்பார் இவர், சாப்பாட்டு மேசையில்.

"அதான் மாமா, உங்கள எங்க மேட்ச் பக்கமே விட மாட்டேங்கிறாங்க."

அது உண்மைதான். உறவுக்காரர் ஆடும் கிளப்பின் ஆட்டத்துக்கு நடுவர்களை அனுப்பக்கூடாது என்பது லீகின் விதி. அதனால் தம்பி ஆடிய இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இவர் அந்த மைதானத்தின் கோட்டில் நின்றதில்லை. தொலைக்காட்சியில் பார்ப்பார். தம்பி பின்தங்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்.

போன சீசன் முடிந்து ஓய்வில் இருந்தபோது, ஒரு காலையில் பூங்காவில் ஓடப்போன தம்பி அங்கேயே விழுந்துவிட்டான். இதயம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

புது சீசன் தொடங்கியதும் லீகிலிருந்து போன் வந்தது. யாரை எந்த ஆட்டத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிற அதிகாரி. தயங்கித் தயங்கித்தான் பேசினார், எனக்குக் கேட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க சார். இனிமே உங்கள அந்த கிளப் மேட்சுக்குப் போடலாம் இல்லையா? இப்ப அங்க உங்களுக்கு... யாரும் இல்லையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, ஒருத்தன் செத்துட்டா மச்சான்ங்கற உறவும் செத்துடுமா? போனைக் குடுங்க, நான் கேக்கறேன்!"

இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "விடும்மா. எனக்கும் ஒரு தடவ அங்க நிக்கணும்போல இருக்கு."

போனார். திரும்பி வந்தவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். மேட்ச் எப்படி என்று கேட்டதற்கு, புல் நன்றாக இருந்தது என்றார். மறுநாள் காலை வழக்கம்போல நடையில் ஓடினார். அந்த வாரமே கீழ்வீட்டுக்காரர் மணியடித்தார்.

"ஒருத்தர் ஓடினதையே பொறுத்துக்கிட்டேன். இப்ப ரெண்டு பேரா ஓடுறீங்க?"

"ரெண்டு பேரா? இந்த வீட்டுல ஓடுறது இவர் ஒருத்தர்தான். நான் எழுந்திரிக்கவே ஏழாகும்."

"இல்லம்மா, சரியாத்தான் கேட்டேன். ஒருத்தர் ஓடுறாரு. கொஞ்சம் பின்தங்கி இன்னொருத்தர் வராரு."

வாய்க்கு வந்தபடி பேசி அவரை அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். இவர் நடையின் கோடியில் சுவரோரமாக ஒதுங்கி நின்றிருந்தார், யாருக்கோ வழி விடுகிறவர் மாதிரி.

அந்த மைதானத்துக்கு இரண்டாவது முறை போனபோதுதான் விபரீதம். எதிரணிக்காரன் ஒருவன் எல்லாரையும் தாண்டி இரண்டு எட்டு முன்னால் நிற்கிறான். பந்து வருகிறது, வாங்குகிறான், அடிக்கிறான். இவர் கொடி ஏறவே இல்லை. கோல் என்று ஆகிவிட்டது. தம்பியின் கிளப் அந்த ஒரு கோலில் தோற்றது. காணொளி பார்த்துத் தீர்ப்பை மாற்றும் வசதி எங்கள் லீகுக்கு இன்னும் வரவில்லை, ஆனால் தொலைக்காட்சிக்காரர்கள் அதையே போட்டுப் போட்டுக் காட்டினார்கள். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் ஆஃப்சைடு. திங்கட்கிழமை கடை திறக்கப் போனால் ஷட்டர் முழுக்கப் பெயிண்டில் 'குருடன் கடை' என்று எழுதியிருந்தார்கள். லீக் அவரைக் கீழ்மட்ட ஆட்டங்களுக்கு இறக்கிவிட்டது.

அன்று மாலை அவர் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஓரத்துல அவன் நின்னான்" என்றார்.

"எவன்?"

"ரெண்டு எட்டு பின்னால. வழக்கம்போல. அவன் நிக்கும்போது நான் எப்படிக் கொடி தூக்குவேன்?"

கையிலிருந்த கரண்டியை வைத்தேன். பைத்தியமா உங்களுக்கு என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். "எப்படி இருந்தான்?" என்ற கேள்விதான் வந்தது.

"காலுறை கணுக்காலுக்கு இறங்கிக் கிடந்துச்சு."

"இளைச்சிருந்தானா?"

"தெரியலம்மா. லைன்ல நிக்கறப்போ தோளையும் காலையும்தான் பார்ப்பேன்."

கண் டாக்டரிடம் போனோம், பார்வை துல்லியம் என்றார். மனநல மருத்துவரிடம் போனோம், துக்கம் என்றார். அதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா? இவர் கொடியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்று தடுத்தது நான்தான். "நீங்களும் போகலன்னா அவன யாருங்க பார்ப்பா?"

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. கூடப் பிறந்தவள் நான். அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். என் கண்ணில் படாமல், அக்காவைக் கட்டிக்கொண்டவர் கண்ணில் போய்ப் படுகிறானே! அந்த சீசனின் பிற்பாதி முழுக்கச் சனிக்கிழமை வகுப்புகளை ரத்து செய்துவிட்டு, டிக்கெட் வாங்கி, அந்த மைதானத்தில் கோலுக்குப் பின்னால், கோட்டுக்கு நேராகப் போய் உட்கார்ந்தேன். இடது ஓரத்தையே கண் எரிய எரியப் பார்த்தேன். அங்கே புதுப் பையன் ஒருவன் மற்றவர்களோடு ஒழுங்காக வரிசையில் ஏறி இறங்கினான். அவனுக்குப் பின்னால் வெறும் புல். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் பார்த்தேன். காவலாளி வந்து எழுப்பிவிட்டார்.

கிளப் தோற்றுத் தோற்றுப் பட்டியலின் அடிக்கு வந்துவிட்டது. சொந்த மைதானத்தில் நடக்கும் கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே பிழைத்துக்கொள்ளும். தோற்றால் கீழ் லீகுக்கு இறங்க வேண்டியதுதான். தம்பி உயிரைக் கொடுத்து ஆடிய கிளப், அவன் இறந்த வருஷமே அப்படிப் போவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? கடைசி நாளில் எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில் என்பதால் ஆள் போதாமல் அந்த ஆட்டத்துக்கு இவரையும் அனுப்பினார்கள், மாற்று ஆளாக. நடுவர்களில் யாருக்காவது அடிபட்டால் இறங்க வேண்டியவர். பெரும்பாலும் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிற வேலை.

இடைவேளையில் லைன்ஸ்மேன் ஒருவருக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. இவர் போர்வையை மடித்து வைத்துவிட்டுக் கொடியோடு கோட்டுக்கு வந்தார். மைதானமே ஊளையிட்டது. எனக்குப் பின்வரிசையில் இருந்தவன் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். வேறு நாளாக இருந்தால் திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்று என் கண் இவர் மேலேயே இருந்தது. தம்பியின் கிளப் தடுக்கும் பாதி இப்போது இவர் பக்கம்.

முடியப்போகும் நேரம். இரண்டு அணியும் கோல் போடவில்லை. தம்பியின் கிளப்பில் நான்கு தடுப்பாட்டக்காரர்களும் ஒரே வரிசையாக முன்னேறினார்கள். எதிரணிக்காரன் ஒருவன் பின்னால் தனியாக நின்றான். உயரமாகப் பந்து வந்தது, அவன் நெஞ்சில் வாங்கி அடித்தான், வலை குலுங்கியது.

மைதானம் செத்துப்போனது. எல்லாத் தலையும் இவர் பக்கம் திரும்பியது. கொடி தொடையோடு ஒட்டியிருந்தது. இவர் கண் எதிர் ஓரத்திலேயே குத்திட்டு நின்றது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், சமையலறையில் பார்த்திருக்கிறேன். அவன் இருக்கிறான். இவருக்கு அவன் தெரிகிறான். கொடி ஏறாவிட்டால் என் தம்பி அங்கே நிற்கிறான், அவன் கிளப் போகும். ஏறிவிட்டால் கிளப் பிழைக்கும், ஆனால் அந்தப் புல்லில் யாரும் இல்லை என்று நாற்பதாயிரம் பேர் முன்னால் இவரே சொன்னதாகிவிடும். தூக்காதீங்க என்று என் வாய் முணுமுணுத்தது. கடவுளே, அதைத்தான் நான் சொன்னேன்.

கொடி ஏறியது.

அதற்குப் பிறகு காது அடைத்துப்போகும் அளவுக்குக் கூச்சல். பரம்பரையைத் திட்டியவன் என் தோளைக் கட்டிக்கொண்டு குதித்தான். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

வெயில் தாழும்போது வீட்டுக்குக் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். இரண்டாவது சிக்னலில் நின்றபோது கேட்டேன்.

"இருந்தானா?"

"இருந்தான்."

"அப்புறம் ஏங்க? அவன் நிக்கறப்போ எப்படித் தூக்குவேன்னு நீங்கதானே கேட்டீங்க?"

அவர் முழங்காலில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் கையத் தூக்கிட்டாம்மா. ஆஃப்சைடுன்னு கேக்கறதுக்கு டிஃபெண்டர் எல்லாரும் தூக்குவாங்களே, அந்த மாதிரி. என்னையே பார்த்துத் தூக்கினான். நான் கொடிய எடுக்கற வரைக்கும் இறக்கவே இல்ல."

அவன் பின்னால் நிற்கும்வரை அது ஆஃப்சைடே இல்லை. அது அவனுக்குத் தெரியாதா? தன்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவனே மாமாவிடம் சொல்லியிருக்கிறான்.

"அப்புறம்?"

"கொடி ஏறினதும் திரும்பி நடந்தான். கோலுக்குப் பின்னால வரைக்கும் பார்த்தேன். போயிட்டான்."

"எனக்கு நேராத்தானே போயிருப்பான். நான் அங்கதான் உக்காந்திருந்தேன். என்னப் பார்த்தானா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லம்மா. அந்தப் பக்கம் பாக்கல."

பார்த்தான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், யாருக்கு என்ன நஷ்டம்? அந்த மனுஷனுக்கு அது வராது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, செத்தவனுக்காக அழுதேன்.