அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு மைனஸ்

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவரும் நானும் ஒரே வீட்டில் நான்கு மாதம் பேசாமல் இருந்தோம். "குழம்பு வேணுமான்னு கேளுங்க" என்று நான் கணவரிடம் சொல்வேன். "வேணாம்னு சொல்லு" என்று அண்ணி தன் தம்பியிடம் சொல்வார். நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார்.

கல்யாணம் சரிப்படாமல் அண்ணி எங்கள் ஊரான வரிச்சிக்குடிக்கே திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பூவத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். அங்கே சொந்தக்காரப் பெண் ஒருத்தி அவரிடம், "எப்ப புருஷன் வீட்டுக்குப் போறதா இருக்க?" என்று கேட்டாள். அண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்து நான் முந்திக்கொண்டேன். "அவங்க இனிமே இங்கதாங்க. எங்கயும் போக மாட்டாங்க." ஆதரவாகப் பேசிவிட்டதாகத்தான் நினைத்தேன். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

நான் காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் பியூன். அந்தச் சமயத்தில்தான் கிளார்க் ஆவதற்கான பரீட்சை அறிவித்தார்கள். கணக்கு எட்டாம் வகுப்பு அளவு என்றார்கள். எட்டாம் வகுப்பில் நான் கணக்கில் எப்படி இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். பழைய பாடப்புத்தகம் ஒன்றை வாங்கி, தினமும் காலையில் உலை வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காருவேன். பின்னங்களைக் கூட்டும்போது தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவைப்பேன். மைனஸ் நாலில் மூன்றோடு ஆறில் ஐந்தைக் கூட்டி, பத்தில் இரண்டு என்று எழுதியிருந்தேன்.

ஒருநாள் பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டேன். சாயந்திரம் வந்து திறந்தால் அந்தக் கணக்கின்மேல் பென்சிலில் ஒரு குறுக்குக்கோடு. கீழே பகுதி இரண்டையும் பன்னிரண்டாக்கி, பன்னிரண்டில் ஒன்று என்று விடை.

"நீங்களா போட்டீங்க?" என்று கணவரைக் கேட்டேன்.

"எனக்கு மைனஸைக் கண்டாலே ஆகாது. ஆளை விடு."

அண்ணி பி.எஸ்ஸி. கணக்கு படித்தவர். மறுநாள் வேண்டுமென்றே நோட்டை வைத்துவிட்டுப் போனேன். அப்படியே மூன்று வாரம் ஓடியது. நான் காலையில் போடுவேன், சாயந்திரம் திருத்தியிருக்கும். இயற்கணிதக் கோவைகளுக்கு வந்ததும் தடுமாறினேன். அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருந்தால் உள்ளே முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றிவிட்டு, அடுத்ததை மறந்துவிடுவேன். ஐந்தாறு தடவை அதையே வட்டமிட்டவர், கடைசியில் ஓரத்தில் எழுதினார்: 'சந்தேகம்னா x-க்கு ஒரு எண்ணைப் போட்டுப் பாரு.' நான்கு மாதத்தில் எனக்கென்று அவர் சொன்ன முதல் வாக்கியம். அதை இரண்டு முறை படித்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை 2(3x − 4) − 3(x − 5) என்ற கணக்குக்கு 3x + 7 என்று எழுதியிருந்தேன். அதை அடித்து, 3x − 23 என்று போட்டிருந்தார். அவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. x-க்கு ஐந்தைப் போட்டேன். கணக்கில் இருபத்திரண்டு வந்தது. என் விடையிலும் இருபத்திரண்டு. அவர் விடையில் மைனஸ் எட்டு.

நோட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அண்ணி துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இத கொஞ்சம் பாருங்க. எனக்குச் சரியா வருது."

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். உதடு அசைய ஒருமுறை போட்டுப் பார்த்தார். "மைனஸ் மூணு, மைனஸ் அஞ்சு... ப்ளஸ் பதினஞ்சு. ஆமா. நான்தான் தப்பு" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "உனக்குச் சொல்லிச் சொல்லி உன் வியாதி எனக்கு ஒட்டிக்கிச்சு."

எனக்குக் கண் கலங்கியது. "அன்னிக்கு நான் உங்களுக்காகத்தான் பேசினேன் அண்ணி."

"தெரியும்." கொடியில் ஒரு சட்டையை உதறிப் போட்டார். "எனக்காகத்தான் பேசின. ஆனா என்னைக் கேக்கல. எங்க இருக்கப் போறேன்னு எனக்கே அப்ப தெரியாதும்மா."

மன்னிப்புக் கேட்டேன். "சரி, அந்தப் பக்கெட்ட எடு" என்றார்.

அன்றிலிருந்து அண்ணி எதிரே உட்கார்ந்து சத்தம் போட்டே திருத்தினார். பரீட்சையில் கணக்கு தேறினேன். கடிதம் எழுதும் தாளில் போய்விட்டது. அடுத்த தடவைதான் முழுசாகத் தேறினேன். அதற்குள் அண்ணிக்குக் காரைக்காலில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்து, அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவர் கிளம்பிய அன்று சாமான்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தேன். வழக்கம்போல மூன்று பேருக்கு அரிசி களைந்திருந்தேன்.