ஆறாவது வரிசையில் அம்மா

என் அம்மா வெல்டாவுக்குப் பதினெட்டு வயதில் பெல்லமி கல்லூரியில் இடம் கிடைத்தது. தெற்கு இண்டியானாவில், எங்கள் வீட்டிலிருந்து ஒன்பது மைல் தூரத்தில் இருந்த சிறிய கல்லூரி. தாத்தா கடிதத்தைப் படித்துவிட்டு, "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஆள் எடுக்குறாங்களாம், போய்க் கேளு" என்றார். அடுத்த திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போனாள். முப்பத்தொன்பது வருடம் ஊராரின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள்.

மறு குளிர்காலத்தில், கூட வேலை பார்த்த ஒருத்தி அவளைக் கல்லூரியின் கூடைப்பந்து ஆட்டத்துக்குக் கூட்டிப் போனாள். அம்மாவுக்கு ஆட்டம் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் வாசலில் டிக்கெட்டைக் கிழித்த பையன் "உள்ள வாங்க" என்றானாம். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் அடுத்த வாரமும் போனேன் என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள்.

அப்பா லோரன் தானியக் கிடங்கில் வேலை பார்த்தார். கல்யாணம் பேசும்போது அம்மா போட்ட ஒரே நிபந்தனை, சனிக்கிழமை மதியம் ஆட்டத்துக்குப் போக வேண்டும் என்பது. சரி என்று தலையாட்டியவர், பிறகு நாற்பது வருடம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஆறாவது வரிசையில், நடுக்கோட்டுக்கு நேராக இரண்டு இடம். நான் பிறந்த பிறகு மூன்று.

அணியின் பெயர் நாரைகள். பெயர் வைத்தவர் என்ன நினைத்து வைத்தாரோ, பத்து ஆட்டத்துக்கு ஏழில் தோற்பார்கள். "நம்மாளுங்க எல்லாம் ஒத்தக் கால்லதான் நிக்குறானுங்க, வெல்டா. இன்னொரு காலைக் கீழ வைக்கச் சொல்லேன்" என்பார் அப்பா. அம்மா சிரிக்க மாட்டாள். வெளுப்புக் காரத்தில் வெந்து தோல் உரிந்த கைகளைத் தொடையின் கீழ் வைத்துக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பாள். நடுவர் தவறாக ஊதினால் மட்டும் எழுந்து நிற்பாள். "கண்ணாடிய வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா, தம்பி?" அந்தக் குரல் கூரை வரை போகும். வீட்டில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

எனக்கு அதெல்லாம் பிடித்தது என்று சொன்னால் பொய். என் பிறந்தநாள் ஜனவரியில் வரும். ஒன்பது பிறந்தநாளுக்கு அந்த ஆட்டக்கூடத்தின் நடைபாதையில், சோளப்பொரி விற்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்று கேக் வெட்டியிருக்கிறோம். பள்ளித் தோழிகள் வீட்டுச் சனிக்கிழமைகளைப் பற்றிப் பேசும்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

தொண்ணூறாம் வருடம் எனக்குப் பெல்லமியில் இடம் கிடைத்தது. கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். "ரெனி, இதை நான் வெச்சுக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் குளிர்காலம் நான் எதிர்ப்பக்கம், மாணவர்களுக்கான பலகை இருக்கைகளில் நின்று ஆட்டம் பார்த்தேன். எங்களுக்கு உட்காரும் வழக்கம் கிடையாது. கடைசி வரை நின்றபடி கத்துவோம். எதிரே ஆறாவது வரிசையில் அம்மா தெரிவாள். பந்து இடப்பக்கம் போகும், வலப்பக்கம் போகும், மொத்தக் கூடமும் தலையைத் திருப்பும். அம்மாவின் தலை மட்டும் திரும்பாது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காரில் திரும்பும்போது, "கடைசியா ஸ்கோர் எவ்வளவு வெல்டா, நான் கொஞ்சம் கண் அசந்துட்டேன்" என்று அப்பா கேட்டாராம்.

"கவனிக்கல லோரன்."

"நீயா கவனிக்கல?"

"நம்ம புள்ள அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தா. பாத்தீங்களா? கூட்டத்துல எங்க நின்னாலும் தெரியுறா."

இதை அப்பா எனக்குச் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. நான் இரண்டாம் வருடம் பிப்ரவரியிலேயே கல்லூரியை விட்டுவிட்டேன். பெரிய காரணம் ஏதுமில்லை. இரண்டு பாடத்தில் தோற்றேன், டுவேன் என்றொருவனைக் காதலித்தேன், அவன் கூரை வேய்கிற வேலை பார்த்தான், அவனுக்கு அவசரம்.

அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் காலேஜை விட்டுட்டேன்."

"எத்தனை நாள் லீவு?"

"லீவு இல்லம்மா. விட்டுட்டேன். டுவேனும் நானும் கல்யாணம் பண்ணிக்கப் போறோம்."

சீவிய கிழங்கைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். "சனிக்கிழமை மேட்ச் இருக்கு. உங்கப்பாவோட சட்டையத் தேய்க்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அழுதிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால், நான் தாங்கியிருப்பேன்.

என் கல்யாணம் நாலு வருடம் ஓடியது. பிறகு நான் ஊர் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவும் அப்பாவும் சனிக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்தார்கள். அணி தோற்றுக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்து நாலில், ஆறாவது வரிசை இனி அவர்களுக்கு இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. அம்மா டிக்கெட் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"இப்ப பாயிண்ட் முறை வந்துருச்சு மேடம்" என்றது அந்தப் பக்கத்துச் சின்னப் பெண் குரல். "நன்கொடை குடுக்குறவங்களுக்குத்தான் கீழ் வரிசை."

"முப்பத்தேழு வருஷமா வர்றேம்மா நான்."

"அதுக்கும் பாயிண்ட் உண்டு மேடம்."

"எத்தனை?"

"ஒண்ணு."

அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

இருபத்துநாலாவது வரிசை கொடுத்தார்கள். பின்னால் சுவர். தானியத் தூசி அப்பாவின் நுரையீரலை அதற்குள் தின்றிருந்தது. பதினைந்தாவது வரிசையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். "நீ போ வெல்டா, ஆரம்பிச்சிடப் போறான்" என்பார். அம்மா போக மாட்டாள். ஒரு வருடம் அப்படி ஏறிப் போய், இடைவேளை வரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த வருடம் அப்பா காரிலேயே உட்கார்ந்து ரேடியோவில் கேட்டார். இரண்டாயிரத்து ஒன்பதில் இறந்துபோனார்.

அதன் பிறகு பக்கத்து நாற்காலியில் அம்மா தன் கோட்டை வைத்தாள். அந்த இடம் யாருடையது என்று ஒருவரும் வந்து கேட்டதில்லை. அவ்வளவு உயரத்துக்கு யாரும் வருவதில்லை.

கண்ணில் புரை விழுந்த பிறகு அவளால் வண்டி ஓட்ட முடியவில்லை. நான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவேன். அந்த உயரத்திலிருந்து அவளுக்குப் பந்து தெரியாது. சத்தத்தை வைத்துத்தான் விழுந்ததா இல்லையா என்று தெரிந்துகொண்டாள். அப்போதும் ஆட்டத்தின் பாதியில் அவள் முகம் எதிர்ப்பக்கம், மாணவர்கள் நிற்கிற பலகைகளின் பக்கம் போகும். அங்கே இப்போது இருபது முப்பது பிள்ளைகள்தான் நின்றார்கள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது பிப்ரவரியில், பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று, கடையில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை; என்னை வரச் சொன்னார்கள். அம்மா கோட்டைப் போட்டுத் தயாராக இருந்தாள்.

"இன்னிக்கு முடியாதும்மா. அடுத்த வருஷம் எல்லாத்துக்கும் போலாம்."

"சரி" என்று கோட்டைக் கழற்றினாள். மாலையில் நான் போனபோது, "தோத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

"பதினோரு பாயிண்ட்ல."

"ஃப்ரீ த்ரோவை விட்டிருப்பானுங்க."

மார்ச் மாதம் கல்லூரியை மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் சேரவில்லை, கடன் ஏறிவிட்டது என்றார்கள். மே மாதத்தோடு சரி. வேறு ஊரில் பெரிய பல்கலைக்கழக அணிகள் இருக்கின்றன, தொலைக்காட்சியில் தினமும் ஆடுகிறார்கள். ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

"வேற டீமைப் பாக்கலாமேம்மா. நல்லா ஆடுறவங்களா."

"உங்கப்பா போனதுக்கப்புறம் வேற ஆளைப் பாருன்னு நீ சொல்லல. இதுக்கு மட்டும் ஏன் சொல்ற?"

இப்போது அவளுக்கு எழுபத்தாறு. குளிர்காலச் சனிக்கிழமைகளில் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் படுத்துவிடுகிறாள். தூங்குவதில்லை. கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாள். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், நானே என் கையால் எண்ணிப் போட்டுக் கொண்டுவந்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கட்டிலோரம் உட்கார்ந்து, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். "அன்னிக்கு நான் காலேஜை விட்டிருக்கக் கூடாதும்மா."

தூங்கிவிட்டாளோ என்று குனிந்து பார்த்தேன்.

"அதை இப்ப எதுக்குச் சொல்ற" என்றாள். "இனிமே அங்க யாராலயும் சேர முடியாது." அப்புறம், "கால் குளிருது, அந்தப் போர்வைய இழுத்து விடு" என்றாள்.

இழுத்து விட்டேன். சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவினேன். வெளியே பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. பாதை மூடுவதற்குள் கிளம்ப வேண்டும். போய்ட்டு வர்றேன் என்று கதவருகே நின்று சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.