முதல் முடி

1. வாசலில் நின்ற கட்டில்

அறுவை அரங்கின் உள்ளே வரும் நெருக்கடிகளைச் சமாளிக்க மயக்கவியல் மருத்துவர்களுக்குப் பயிற்சி உண்டு. நான் இங்கு எழுதுவது அரங்கின் வாசலுக்கு வெளியே வந்த ஒரு நெருக்கடியைப் பற்றி. அதற்கு எந்தப் பாடநூலிலும் அத்தியாயம் இல்லை.

அப்போது பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணியில் இருந்தேன். வைகாசி மாதம். அன்றைய பட்டியலில் முதல் கேஸ் நான்கு மாதப் பெண் குழந்தை, பெயர் அடைக்கலமேரி. மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்ட பிறகு அவள் தலைக்குள் நீர் கோத்து, தலை பெரிதாகிக்கொண்டே வந்தது. ஷன்ட் வைக்க வேண்டியிருந்தது. மூளையின் நீரறையிலிருந்து தோலுக்கு அடியில் மெல்லிய குழாய் ஒன்றை வயிறு வரை இறக்கி, மிகுதியான நீரை அங்கே வடியச் செய்யும் சிகிச்சை அது. முந்தைய மாலையிலிருந்து குழந்தை குடித்த பாலையெல்லாம் கக்கியிருந்தாள். உச்சிக்குழி விம்மி நின்றது. விழிகள் கீழ்நோக்கிச் செருகத் தொடங்கியிருந்தன. நாடித் துடிப்பும் குறைந்து வந்தது. அந்த வயதில் இவை அனைத்தும் சேர்ந்து வந்தால் அறுவையைத் தள்ளிப்போட இயலாது.

அரங்கைத் தயார் செய்துகொண்டிருந்தபோது ஹாஜிரா சிஸ்டர் உள்ளே வந்தார்.

"சார், பேஷன்ட் வாசல்லயே நிக்குது. முடியில கை வைக்க விட மாட்டேங்கிறாங்க."

நரம்பியல் அறுவை மருத்துவர் கார்த்திகேயன் திருச்சியிலிருந்து வருபவர். என்னைவிட மிக இளையவர், கைத்திறன் மிக்கவர், பொறுமை குறைந்தவர். கை கழுவப் போனவர் திரும்பி வந்தார்.

"தலைய தொறக்கறதுக்குச் சம்மதம், முடிய எடுக்கறதுக்குச் சம்மதம் இல்லையா? என்ன சார் கணக்கு இது? நீங்க போயி பேசுங்க. நான் பேசுனா சண்டையாயிடும்."

2. நேர்ந்துகொண்ட முடி

குழந்தையின் தந்தை ஆரோக்கியராஜ், சுண்ணாம்புக்கல் ஏற்றி அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குக் கொண்டுசெல்லும் டிப்பர் லாரியின் ஓட்டுநர். தாய் சகாயமேரி ஜெயங்கொண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். இருவரும் குழந்தையின் கட்டிலுக்கு இரு பக்கமும் காவல் நிற்பவர்களைப் போல நின்றிருந்தார்கள். அழுகையோ கூச்சலோ இல்லை. சகாயமேரியின் கையில் ஜெபமாலை இருந்தது.

"கையெழுத்து எதுக்கு வேணாலும் போடறோம் சார்," என்றார் ஆரோக்கியராஜ். "முடி மட்டும் இப்ப வேணாம். அது நேந்துக்கிட்ட முடி. மொத முடி ஏலாக்குறிச்சி மாதாவுக்கு. ரெண்டு தங்காம போன பொறவு பொறந்தவ சார் இவ."

வெட்டும் இடத்தில் முடி இருந்தால் குழாய் வழியாகக் கிருமி மூளைக்குள் போய்விடக்கூடும் என்று விளக்கினேன். அவர் மறுக்கவில்லை. கவனமாகக் கேட்டுவிட்டு வேறொரு வழி சொன்னார்.

"அப்ப ஆம்புலன்ஸ் குடுங்க சார். ஏலாக்குறிச்சி போயி மொட்டை போட்டுட்டு வந்துடுறோம். நானே ஓட்டுறேன். அந்த ரோட்டுல ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும்."

"உங்களுக்குப் பள்ளம் தெரியும். பாப்பாவோட மூளைக்கு அது தெரியாதுங்க. ஆக்சிஜன்ல இருக்கற குழந்தைய அரியலூர் தாண்டிக் கொண்டுபோனா திரும்பக் கொண்டுவருவோமான்னு என்னால சொல்ல முடியாது."

அவர் பங்குச்சாமியாருக்குப் போன் செய்தார். மணி அடித்து ஓய்ந்தது. "பூசையில இருப்பாரு," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு மீண்டும் அடித்தார்.

அதுவரை பேசாதிருந்த சகாயமேரி என்னை நேராகப் பார்த்தார்.

"இன்னிக்குத்தான் சார் மாதா தயவு எங்களுக்கு வேணும். இன்னிக்கேவா சொன்ன சொல்ல மீறச் சொல்றீங்க?"

இது அறியாமையின் பேச்சாக எனக்குத் தோன்றவில்லை. மிக முக்கியமான ஒருவரிடம் உதவி கேட்டு நிற்கும் வேளையில் வாக்குத் தவறக் கூடாது என்று நினைக்கும் ஒரு நாணயமான பெண்ணின் பேச்சு அது. அதை மருத்துவ விளக்கத்தால் எதிர்கொள்வதில் பயனில்லை. எனக்குத் தெரிந்த வேறு ஒரு வேலை இருந்தது. நோயாளியிடம் வரலாறு கேட்பது. வலி எப்போது தொடங்கியது, எங்கே, எப்படி என்று கேட்கும் அதே முறையில் கேட்டேன்.

"எப்பம்மா நேந்துக்கிட்டீங்க? எங்க வெச்சு? என்ன சொன்னீங்களோ, அத அப்படியே சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். "வூட்லதான் சார். அடுப்படியில. டெஸ்ட்டுல ரெண்டு கோடு வந்துச்சு. கையில அத வெச்சுக்கிட்டு நின்னேன். 'மாதாவே, இது ஒண்ண மட்டும் தங்க வெச்சுக் குடு. மொத முடி உனக்கு'ன்னேன்."

"கோயில்ல வந்து எடுக்கறேன்னு சொல்லலியா?" என்றார் கணவர், போனைக் காதிலிருந்து இறக்கி.

"சொல்லல."

"நான் கோயில்லன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"நீங்க நெனச்சதுக்கு நான் என்ன பண்றது? நேந்தது நானுல்ல."

பிறகு சகாயமேரி குழந்தையின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, எங்கள் இருவரிடமும் அல்லாமல் பேசினார். "அடுப்படியில கேட்டது மாதா காதுல விழுந்துச்சுல்ல. ஆஸ்பத்திரியில குடுத்தா மட்டும் வாங்கிக்க மாட்டாங்களா? வாங்கிக்குவாங்க. எடுங்க சார்."

நிம்மதியோடு, அவருக்கு மேலும் ஆறுதலாக இருக்கும் என்று எண்ணி, ஒரு விவரம் சொன்னேன். முழுத் தலையும் வேண்டியதில்லை, வலது காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலம் போதும் என்று. அவர் முகம் மாறிவிட்டது.

"பாதியா? பாதி மொட்டைய எப்படி சார் காணிக்கைன்னு குடுக்கறது? எடுக்கறதுன்னா முழுசா எடுங்க."

3. ஏ.சி. இல்லாத அரங்கு

இளைய மருத்துவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைக்குழந்தையின் உடலில் தலையின் பங்கு பெரிது. நீர் கோத்த தலையானால் இன்னும் பெரிது. மயக்கத்தில் இருக்கும் குழந்தை அந்தத் தலை வழியாகவே வெப்பத்தை இழக்கும். முடியை முழுவதும் எடுத்துவிட்டால் அந்த இழப்பு கூடும். ஆகவே மருத்துவக் கணக்கில் அரை மொட்டைதான் சரி. ஆனால் வெப்பத்தைக் காக்க எனக்கு வழிகள் தெரியும். அந்தத் தாயின் மனத்தை அதன் பிறகு காக்க வழி தெரியாது. முழுவதும் எடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

கார்த்திகேயனிடம் சொன்னபோது அவர் கேட்டார். "மொதல்ல ஒரு முடி கூடக் கூடாதுன்னாங்க. இப்ப முழு மொட்டையா? வெளிய போயி சமாதானம் பண்ணுனீங்களா, பேரம் பேசுனீங்களா சார்?"

அரங்கை ஒட்டிய முன்னறையில் வேலை நடந்தது. தந்தை குழந்தையின் தலையை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டார். ஹாஜிரா சிஸ்டர் தோலில் கீறல் படாமல் கிளிப்பரால் முடியை எடுத்தார். தாய் கீழே வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தபடி மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொல்ல, தந்தை தணிந்த குரலில் மறுபாதியைச் சொன்னார். விழுந்த முடி மிகக் கொஞ்சம், ஒரு கைப்பிடிக்கும் வராது. ஹாஜிரா சிஸ்டர் அதைக் காஸ் துணியில் முடிந்து, குழந்தையின் பெயர் எழுதிய லேபிளை ஒட்டித் தாயிடம் கொடுத்தார்.

"பத்திரமா வெச்சுக்கம்மா. பஞ்சுன்னு நெனச்சு கூட்டறவங்க எடுத்துட்டுப் போயிடப் போறாங்க. இன்ஷா அல்லாஹ், பாப்பா நல்லபடியா வருவா."

குழந்தையை நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். சகாயமேரி கொடுப்பதற்கு முன் கேட்டார். "உள்ள நீங்கதான சார் இவளப் பாத்துக்குவீங்க? உங்களுக்கும் சேத்து வேண்டிக்கறேன். வூட்ல யாருக்கு என்ன வேணும், சொல்லுங்க."

"வீட்டுல யாரும் இல்லம்மா. மனைவி போன தையில காலமாயிட்டாங்க."

"அம்மா பேரு என்ன சார்?"

"வசந்தா."

அவர் தலையசைத்துக் குழந்தையைக் கொடுத்தார். வசந்தா அதே மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில்தான் இறந்தார். மானிட்டரில் எண்கள் இறங்கியதன் பொருளை அங்கே நின்றவர்களில் முதலில் அறிந்துகொண்டவன் நான். அதன் பின் அந்தக் கட்டடத்துக்குள் அவர் பெயரை நான் உச்சரித்தது அன்றுதான். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

ஏ.சி.யை நிறுத்தச் சொன்னேன். குழந்தையின் கைகால்களைப் பஞ்சில் சுற்றினேன். பெரிய தலை மோவாயை நெஞ்சோடு அழுத்திவிடும் என்பதால் தோள்களுக்கு அடியில் துவாலையை மடித்து வைத்தேன். மூச்சுக்கான ட்யூப் முதல் முயற்சியிலேயே சரியாக இறங்கியது. அரங்கு வைகாசி வெயிலின் சூட்டை எட்டியது.

"மொட்டை அவங்களுக்கு, வேர்வை எனக்கா?" என்றார் கார்த்திகேயன், சிஸ்டரிடம் நெற்றியைத் துடைக்கக் காட்டியபடி.

நீரறையை அவர் ஊசியால் எட்டியதும் நீர் அழுத்தத்தோடு சீறி வந்தது. உடனே இதயத் துடிப்பு சரிந்தது. "சார், நிறுத்துங்க," என்றேன். அவர் விரலால் அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். துடிப்பை ஏற்றும் அட்ரோபின் ஊசி என் கையில் தயாராக இருந்தது. செலுத்துவதற்குள் துடிப்பு தானே ஏறத் தொடங்கியது. பின்னர் அவர் நீரைச் சிறிது சிறிதாக விட்டார். உச்சிக்குழி என் விரலின் கீழ் தளர்ந்து இறங்கியதை உணர்ந்தேன். உடல் வெப்பம் இறுதி வரை குறையவில்லை.

நற்செய்தி சொல்ல வெளியே வந்தால், காத்திருப்போர் கூடத்தில் பெற்றோர் இருவரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி, "பச்சப் புள்ள உள்ள கெடக்கு, இதுங்களுக்கு எறங்குது பாரு," என்று எனக்கும் கேட்கும்படி சொன்னார்.

ஆரோக்கியராஜ் அவருக்குக் கோபப்படாமல் பதில் சொன்னார். "அவ எழுந்திரிச்சா பாலு கேப்பாக்கா. இவ பட்டினி கெடந்தா பாலு எங்கேருந்து வரும்?" பிறகு என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அவர் முகம் தெளிந்திருந்தது.

"பயமா இல்லையாங்க உங்களுக்கு?" என்று பின்னர் ஒரு நாள் கேட்டேன்.

"இல்லாம இருக்குமா சார். ஆனா ஒப்படைச்சாச்சுல்ல. ஒப்படைச்சுட்டு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

4. இரண்டாவது மெழுகுவர்த்தி

ஷன்ட் என்பது வைத்துவிட்டு மறக்கக்கூடியதன்று. அடைத்துக்கொள்ளலாம், கிருமி சேரலாம், குழந்தை வளரும்போது மாற்ற நேரலாம். இவற்றையெல்லாம் பெற்றோரிடம் மறைக்காமல் சொன்னோம். "வந்தா வரோம் சார், நீங்க இருப்பீங்கல்ல," என்றார்கள்.

புண் ஆறி, குழந்தைக்குத் தலை நிற்கத் தொடங்கிய பின் அவர்கள் ஏலாக்குறிச்சிக்குப் போனார்கள். என்னையும் அழைத்தார்கள். எனக்குக் கோயில் வழக்கம் கிடையாது. ஆயினும் போனேன். மொட்டை போடும் இடத்தில் இருந்தவர், தழும்பைச் சுற்றி முளைத்திருந்த புது முடியைப் பார்த்துவிட்டு, "பாப்பாவ உக்கார வைங்க," என்றார்.

"அது ஆச்சுங்க. இது குடுக்க வந்தது," என்று சகாயமேரி காஸ் முடிச்சை எடுத்தார். ஹாஜிரா சிஸ்டர் ஒட்டிய லேபிள் அப்படியே இருந்தது.

பீடத்தின் முன் அவர் இரண்டு மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். ஒன்றைத் தாமே ஏற்றினார். "இது வசந்தாம்மாவுக்கு," என்று தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். காற்று அதிகமாக இருந்ததால் இரண்டாம் குச்சியில்தான் பற்றியது.

அந்தக் குழந்தையைப் பிழைக்க வைத்தது எது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஷன்ட் என்றே சொல்வேன். அந்தக் காலை நேரத்தில் அரங்கின் வாசலில் உறுதியாக நின்றவர்கள் யார் என்று கேட்டால், வெள்ளை அங்கி அணிந்த எவரையும் சொல்ல மாட்டேன்.

அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் இன்று நான் மாணவர்களுக்கு ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கற்பிக்கிறேன். கடைசியாக எப்போது பால் கொடுத்தீர்கள், எந்த மருந்தாவது ஒவ்வாதா என்றெல்லாம் கேட்ட பிறகு, "ஏதாவது நேர்ந்திருக்கிறீர்களா?" என்றும் கேட்க வேண்டும். அண்மையில் ஒரு மாணவி, பேனாவைத் திறந்தபடி, "இத எந்த இடத்துல சார் எழுதறது?" என்றாள்.

"எழுத வேண்டாம்மா. கேட்டுட்டு, அவங்க சொல்லி முடிக்கற வரைக்கும் நில்லு," என்றேன்.