பேறு அறையில் கூடிய சங்கம்

வில்லியனூரில் அஞ்சலையம்மாள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. பாய் நிறைய ஆண்கள். முன்வரிசையில் என் வீட்டுக்காரர், சலவைச் சட்டையும் மேல்துண்டுமாக, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். அன்று அங்கே நடக்கவேண்டியிருந்தது மருத்துவச்சிகள் சங்கத்தின் கூட்டம். எங்கள் சங்கத்தில் மருந்துக்குக்கூட ஓர் ஆண் கிடையாது.

இன்று ஆஸ்பத்திரிகளில் வெள்ளை உடுப்போடு நடமாடும் பெண்களுக்காக இதைச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட முப்பதுகள் அவை. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன் வட்டாரங்களில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். துரைமார் எங்களை ‘சாழ்ஃபாம்’ என்பார்கள். ஊர் ஜனம் மருத்துவச்சி என்றே கூப்பிடும். எங்களுக்கென்று சங்கம் தொடங்கி நடத்திவந்த பிரெஞ்சு மேட்ரன் அம்மா கப்பலேறித் தன் ஊருக்குப் போய்விட்டார். இனி சங்கத்தை எப்படி நடத்துவது என்று பேசி முடிவெடுக்கத்தான் அந்தக் கூட்டம்.

அதைவிட அவசரமான விஷயம் மனோன்மணி. எங்களில் சின்னவள், புருஷனை இழந்தவள், பாகூரில் வேலை. அவள் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வேறு யாரும் வீடு தரவில்லை. அவள் புருஷனுடைய அண்ணன் தணிகாசலம் மடுகரையில் பயிர் செய்கிறவர். வேலையை விட்டுவிட்டு வந்து சேர் என்று நெருக்கிக்கொண்டிருந்தார். போனால் படித்த படிப்பை மறந்துவிட்டு, அவர் வீட்டுக்குச் சோறு பொங்கிக் கரும்புக்குக் காய்ந்த சோகை உரித்துக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். சங்கம் பாகூரில் அவளுக்கு ஓர் இருப்பிடம் தேடிக் கொடுக்குமா என்பதுதான் கேள்வி.

வெற்றிலை பாக்கு

அதுவரை எங்கள் கூட்டங்களுக்கு அழைப்பு ஏதும் கிடையாது. மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வரும்போது வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொள்வோம். இந்த முறை தலைவியான அஞ்சலையம்மாள், பெரிய கூட்டமாயிற்றே, முறையாக அழைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். வீட்டு ஆளிடம் வெற்றிலை பாக்குத் தட்டைக் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். கல்யாணம் காதுகுத்துக்கு அழைக்கிற மாதிரியே அந்த ஆள் ஒவ்வொரு வீட்டிலும் ஆண்பிள்ளையின் பெயரைச் சொல்லித் தட்டை நீட்டியிருக்கிறார். அவர்களும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். பெயர் சொல்லி அழைத்த பிறகு வராமல் இருக்க முடியுமா? எங்களுக்கு முன்னாலேயே வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் என் வீட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“இன்னாங்க இது? இங்க இன்னா பண்றீங்க?”

“என் பேரச் சொல்லித்தான அழச்சாங்க? வரலன்னா நல்லாவா இருக்கும்?” என்றார். அவர் முகத்தில் குற்றம் செய்த சுவடே இல்லை.

கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்துவிட்டால் பெண்கள் எங்கே போவார்கள்? அடுக்களைக்குத்தான். மெம்பர்கள் அத்தனை பேரும் அடுக்களை வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். எங்களுக்காக அவித்த சுண்டலை நாங்களே தட்டுகளில் போட்டுக் கூடத்துக்கு அனுப்பினோம். இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சல் வருகிறது.

அஞ்சலையம்மாளின் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். அவரே தலைமை ஏற்றார். “கண்ட நேரத்துல பொம்பளைங்கள கூப்டு அனுப்பறாங்க. இனிமே வூட்டு ஆம்பளகிட்ட கேட்டுக்கினுதான் போவணும். சங்கத்தையும் நாமளே பாத்துக்கலாம்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிரசவ வலி வூட்டு ஆம்பளையைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

அடுத்து எழுந்தவரைப் பார்த்தேன். தணிகாசலம். மனோன்மணிக்கு உரிய வெற்றிலை பாக்கு மடுகரைக்குப் போயிருக்கிறது.

“எங்க வூட்டுப் பொண்ணு வேலைய வுட்டுடுது. நானே சொல்லிட்டேன். மேரியில தெரியப்படுத்திடுங்க.”

“அதுவும் சரிதான். ஒண்டிப் பொம்பள எத்தினி நாளிக்கு அங்க இருக்க முடியும்?” என்றார் வாத்தியார். கொம்யூன் அலுவலகமான மேரியில் தாமே போய்ச் சொல்லிவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான். ஒருத்தியின் பிழைப்பு சுண்டல் தின்று முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

நான் அஞ்சலையம்மாளின் கையைப் பிடித்தேன். “மனோன்மணி எங்கம்மா?”

“பக்கத்துல டிஸ்பென்சரியில. இன்னிக்கு டூட்டி போட்டுட்டேன்.”

“அவ விஷயம் பேசற அன்னிக்கா?”

“வேற இன்னா பண்ணச் சொல்ற காமாட்சி? தாம்பூலம் குடுக்கற எடம். தாலி இல்லாத பொண்ண நான் எப்படி அழைக்கறது?”

அஞ்சலையம்மாள் கெட்டவர் இல்லை. மனோன்மணிக்குக் கைபிடித்து வேலை சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவர் வாயிலிருந்தே இது வந்ததை என்னால் நம்ப முடியவில்லை.

பேறு அறை

கொல்லைப்புற வழியாக டிஸ்பென்சரிக்கு நடந்தேன். மற்றவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கடைசியில் அஞ்சலையம்மாளும் வந்தார். உள்ளே மனோன்மணி அப்போதுதான் பிறந்த குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் பஜாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பெண் படுத்திருந்தாள்.

“இன்னாக்கா, எல்லாரும் ஒண்ணா வந்துகினு கீறீங்க? யாருக்கு இன்னா ஆச்சி?”

“கூட்டம்டி.”

“கூட்டமா? எனக்கு யாரும் சொல்லலியே.”

நடந்ததை நான்தான் சொன்னேன். குழந்தையைத் தாயின் பக்கத்தில் கிடத்திவிட்டு அவள் அப்படியே நின்றாள்.

“நான் வேலைய வுட்டுட்டேன்னு அவரு சொன்னாரா? என்ன ஒரு வார்த்த கேக்காமயா?”

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “மெம்பருங்க எல்லாரும் கீறீங்க இல்ல? அப்ப இங்கியே நடத்திடலாம். பேறு நடக்கற எடத்துக்கு எந்த ஆம்பள வருவான்?” என்றாள்.

கட்டிலில் இருந்தவளிடம் கேட்டோம். “நல்லாப் பேசுங்க. இந்தக்கா போய்ட்டா அடுத்தது எனக்கு யாரு பாப்பாங்க?” என்றாள். தரையில் உட்கார்ந்தோம். சங்கத்தின் எதிர்காலம் அங்கேதான், டெட்டால் வாடைக்கு நடுவில், முடிவாயிற்று.

எங்கள் மெம்பர்களில் ஒருத்தியான பூரணாங்குப்பத்து ருக்மணியின் புருஷன் கடல் கடந்து சைகோனில் வேலை பார்த்துவந்தார். அவளுக்கு வரவேண்டிய அழைப்பில் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் அவள் மாமனார். அவள்தான் வாயைத் திறந்தாள். “நான் பாகூருக்கே வந்துடறேன். ரெண்டு பேரும் ஒரு வூட்ல இருந்துக்கறோம். வூட்ட சங்கத்து பேர்ல புடிங்க. அப்ப யாரு காலி பண்ணச் சொல்லுவாங்க பாக்கலாம்.” ஒருவர்கூட மறுக்கவில்லை. இனி சங்கத்தை மெம்பர்களே நடத்துவதென்றும், மேரிக்கு நாங்களே போய், மனோன்மணி வேலையை விடவில்லை என்று சொல்வதென்றும் முடிவாயிற்று.

அந்தச் சமயத்தில் வெளியே தணிகாசலத்தின் குரல் கேட்டது. “மனோன்மணி! வெளிய வா. பொழுதோட வண்டி கட்டணும்.”

நாங்கள் பதில் சொல்வதற்குள் கட்டிலில் இருந்தவள் கத்தினாள். “யாரது? பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்கற எடத்துல ஆம்பளக் கொரலு? அப்பால போங்க!”

காலடி பின்வாங்கும் சத்தம் கேட்டது. மனோன்மணி கதவருகே போய் நின்றுகொண்டு சொன்னாள்.

“நான் வேலைய வுடல மாமா. நாளிக்கு பாகூருல டூட்டி இருக்கு. நீங்க போயி வாங்க.”

அவர் வெகுநேரம் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். பிறகு தனியாகத்தான் மடுகரைக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ சங்கங்கள், கமிட்டிகள் பார்த்துவிட்டேன். எதிர்காலத் திட்டம் என்று யார் பேச வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். யாருடைய பிழைப்பைப் பற்றிப் பேசப்போகிறோமோ அவளுக்குத் தெரியுமா? பல இடங்களில் பதிலுக்கு முழிக்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு வில்லியனூர் கூடத்தில் பட்ட அதிர்ச்சி மறுபடியும் வருகிறது.

அன்று கலையும் நேரத்தில் அஞ்சலையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனோன்மணியிடம் வந்தார். “இனிமே உன்ன நான் எப்படிம்மா அழைக்கறது?” என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

“வெத்தல பாக்கெல்லாம் வேணாம்மா. கூட்டம் இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. பாகூர்லேர்ந்து நடந்தே வந்துடுவேன்” என்றாள் மனோன்மணி.